இரவில் மட்டும் கொதித்த எஞ்சின்: ஒரு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரின் டேஷ்போர்டு ஆய்வு

வண்டி 1973இல் வெளிவந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 கார். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில், கான்லி ஆலையில் உருவானது. 1296 சிசி எஞ்சின், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் உலோக உடலோடு இணைந்தது), லூகாஸ் ஆல்டர்னேட்டர். வார்விக்ஷயரில் வசிக்கும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்குச் சொந்தமானது. என்னிடம் வரும்போது அதற்குப் புது ரேடியேட்டர், புது வாட்டர் பம்ப், புது தெர்மோஸ்டாட், டேஷ்போர்டுக்குப் பின்னால் மானிகளின் மின்னழுத்தத்தைச் சீராக்கும் புது ஸ்டெபிலைசர் எல்லாம் போட்டாகிவிட்டது. குறை மட்டும் அப்படியே இருந்தது.

அவர் சொன்ன புகார் இதுதான். பகலில் எவ்வளவு தூரம் ஓட்டினாலும் வெப்பமானியின் முள் நடுவில் நிற்கிறது. இரவில் ஓட்டினால் சிறிது நேரத்தில் முள் ஏறத் தொடங்கி, சிவப்பை ஒட்டிப் போய் நிற்கிறது. பயந்து ஓரம்கட்டி எஞ்சினை அணைத்தால் ரேடியேட்டரில் கொதிக்கும் ஓசையும் இல்லை, ஆவியும் இல்லை. இதோடு இன்னொரு சங்கடமும் நடந்திருக்கிறது. ஒரு குளிர்கால இரவில், பெட்ரோல் மானி கால் டேங்குக்கு மேல் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி பெட்ரோல் இல்லாமல் நின்றுவிட்டது. இரண்டையும் அவர் தனித்தனிக் குறைகளாகவே நினைத்திருந்தார். முதலாவதுக்கு எஞ்சின் பட்டறை, இரண்டாவதுக்கு டேங்க் யூனிட் (டேங்குக்குள் பெட்ரோல் அளவை உணரும் சென்சார்) என்று இரண்டு திசையில் பணம் போயிருக்கிறது. கடைசியாகப் பார்த்த மின்பணியாளர் இரண்டு மானிகளுமே கெட்டுவிட்டன, கழற்றிப் புதுப்பிக்க அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டு மானிகள் ஒரே நேரத்தில், ஒரே திசையில் தவறுகின்றன என்றால் மானிகளைச் சந்தேகிப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக எது இருக்கிறது என்பதே முதல் கேள்வி. அந்தக் கேள்வியை யாரும் கேட்காததால்தான் நல்ல ரேடியேட்டர் ஒன்று கழற்றி எறியப்பட்டது.

மானிகள் வேலை செய்யும் விதம்

ஸ்பிட்ஃபயரில் மின்சாரத்தால் இயங்கும் மானிகள் இரண்டே: பெட்ரோல், வெப்பம். வேகமானியும் இந்த வண்டியின் சுழற்சிமானியும் கேபிளால் ஓடுபவை. முன்னதற்கு கியர் பெட்டியிலிருந்தும் பின்னதற்கு டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்தும் கேபிள் வருகிறது.

பெட்ரோல், வெப்ப மானிகள் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் இரட்டை உலோக வகையைச் சேர்ந்தவை. உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு உலோகங்களால் ஆன பட்டை ஒன்றும், அதைச் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கின்றன. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் பட்டை சூடாகி வளைகிறது. அந்த வளைவு முள்ளைத் தள்ளுகிறது. மின்னோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது மறுமுனையில் உள்ள சென்சார். பெட்ரோல் டேங்க் யூனிட்டின் மின்தடை டேங்க் காலியாக இருக்கும்போது சுமார் 240 ஓம், பாதியில் சுமார் 68, நிறைந்திருக்கும்போது சுமார் 20. வெப்ப சென்சாரிலும் சூடு ஏற ஏற மின்தடை குறையும். மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், முள் ஏறும்.

இந்த அமைப்பில் முள் மெதுவாகத்தான் நகரும். பட்டை சூடாக நேரம் பிடிப்பதால், மாற்றத்தைக் காட்டி முடிக்க ஏறக்குறைய ஒரு நிமிடம்கூட ஆகலாம். டேங்கில் பெட்ரோல் அலைந்தாலும் முள் ஆடாமல் நிற்பது இதனால்தான். ஆனால் குறை தேடுபவருக்கு இதே மந்தம் பெரிய இடைஞ்சல். சுவிட்சைப் போட்ட கணத்தில் முள் துள்ளினால், காரணம் சுவிட்ச் என்று யாருக்கும் புரிந்துவிடும். ஒரு நிமிடம் கழித்து ஊர்ந்து ஏறினால், எஞ்சின்தான் சூடாகிறது என்று மனம் எளிதாக நம்பிவிடுகிறது.

முள்ளின் நிலை சூட்டைப் பொறுத்தது. சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14க்கு அருகில். இதை நேராகக் கொடுத்தால் எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப மானிகளும் பொய் சொல்லும். ஆகவே நடுவில் 10 வோல்ட் ஸ்டெபிலைசர் ஒன்று வைத்தார்கள். வீட்டில் ஃபிரிட்ஜுக்கு வைக்கும் பெட்டியின் வேலையைத்தான் இந்தச் சிறு தகரப் பெட்டி மானிகளுக்குச் செய்கிறது. பழைய வகையில் இதற்குள்ளும் ஓர் இரட்டை உலோகப் பட்டைதான். சூடானால் தொடர்பு விலகும், ஆறினால் மீண்டும் சேரும். விட்டுவிட்டு 12 வோல்ட் போய், சராசரியாக 10 வோல்ட்டின் விளைவு கிடைக்கிறது. புதிய வகையில் சிலிக்கான் ரெகுலேட்டர் சில்லு.

இரண்டு வகைக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. ஸ்டெபிலைசருக்கு நல்ல எர்த் வேண்டும். மானிகளின் மின்னோட்டம் சென்சார் வழியாகவே எர்த்துக்குப் போய்விடுவதால் மானியின் உடலுக்கு எர்த் இல்லாவிட்டாலும் மானி இயங்கும். ஸ்டெபிலைசர் அப்படி இல்லை. 10 வோல்ட் என்பதை அது தன் எர்த் முனையிலிருந்துதான் அளக்கிறது. அந்த முனையே சில வோல்ட் உயர்ந்து மிதந்தால், வெளியேறும் மின்னழுத்தமும் அதோடு சேர்ந்து உயரும். பழைய வகையில், உள்ளே இருக்கும் சூடேற்றும் சுருளுக்குப் போதிய மின்னோட்டம் கிடைக்காமல் தொடர்பு மூடியே கிடக்கும். பேட்டரியின் முழு மின்னழுத்தமும் மானிகளுக்குப் போகும்.

வயரின் நிறம்

வயரிங் எல்லாம் லூகாஸ் நிறக்குறியீட்டின்படி இருந்தது. சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஆலை இயங்கி வருவதாலும், அம்பாசிடர் காலத்திலிருந்தே இதே நிறங்கள் பழகியவை என்பதாலும் நம் ஊர் மின்பணியாளர்களுக்கு இது புதிதல்ல. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் உயிரோடு வருவது. வெள்ளை, சாவியைத் திருப்பினால் வருவது, ஃபியூஸ் இல்லாதது. பச்சை, சாவிக்கும் ஃபியூஸுக்கும் அப்பால் வருவது. சிவப்பு, பார்க் லைட்டுகள். சிவப்பில் வெள்ளைக் கோடு, டேஷ்போர்டு விளக்குகள். நீலத்தில் வெள்ளைக் கோடு, ஹை பீம். பச்சையில் கறுப்புக் கோடு பெட்ரோல் டேங்க் யூனிட்டுக்கும், பச்சையில் நீலக் கோடு வெப்ப சென்சாருக்கும் போகின்றன. கறுப்பு, எர்த்.

ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டகம் ட்ரையம்ப் ஹெரால்டிலிருந்து வந்தது. அந்த ஹெரால்டைத்தான் வண்டலூருக்கு அருகே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961இலிருந்து ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தது. இன்றும் சென்னையிலும் கோவையிலும் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் உண்டு. ஸ்டெபிலைசரும் பொதுவான கறுப்பு எர்த் வயரும் உள்ள எந்தப் பழைய வண்டியிலும் இந்த ஆய்வின் தர்க்கம் அப்படியே பொருந்தும்.

முதல் சோதனை: எஞ்சின் சூடா, இல்லையா?

பகலில், பட்டறைக்குள், எஞ்சினை ஓடவிட்டு முள் நடுவுக்கு வரும்வரை காத்திருந்தேன். அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் உறைமீது காட்டியபோது 84 டிகிரி செல்சியஸ். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு அது சரியான அளவு. பிறகு வேறு எதையும் தொடாமல் பார்க் லைட் சுவிட்சை மட்டும் போட்டேன்.

முள் உடனே அசையவில்லை. சற்று நேரத்தில் ஊர்ந்து ஏறத் தொடங்கியது. சிவப்பை நெருங்கி நின்றபோது உறையின் சூட்டை மறுபடி அளந்தேன். அதே 84. பெட்ரோல் முள்ளும் கூடவே ஏறியிருந்தது. விளக்கை அணைத்தேன், இரண்டு முள்களும் பழைய இடத்துக்கு இறங்கின.

வாட்டர் பம்பும் ரேடியேட்டரும் இந்தக் கதையிலிருந்து இதோடு வெளியேறிவிட்டன. இருட்டுக்கும் எஞ்சின் சூட்டுக்கும் தொடர்பில்லை; விளக்குச் சுவிட்சுக்கும் மானிகளுக்கும்தான் தொடர்பு. முதல் பாகத்தை வாங்கும் முன்பே யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் ஆசிரியரின் சேமிப்பில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். அதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

விளக்கு எரியும்போது கவனித்த மற்ற இரண்டையும் குறித்துக்கொண்டேன். டேஷ்போர்டு விளக்குகள் மங்கிய செம்மஞ்சளில் எரிந்தன. ஹெட்லைட்டை லோ பீமில் வைத்திருந்தும் ஹை பீமைக் காட்டும் நீல விளக்கு மெலிதாக ஒளிர்ந்தது. ஆசிரியர் இரண்டையும் அறிந்திருந்தார். பழைய வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டதாகச் சொன்னார். பழைய வண்டி அப்படி இருக்க வேண்டியதே இல்லை. 1973இல் கான்லி ஆலையை விட்டு வெளியே வந்த நாளில் அந்த விளக்குகள் பளிச்சென்றுதான் எரிந்திருக்கும். எரியக் கூடாத நேரத்தில் ஒரு விளக்கு மெலிதாக எரிந்தால், மின்னோட்டம் தன் வழியை இழந்து வேறொரு வழியைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அளவுகள்

டேஷ்போர்டைத் தளர்த்தும் முன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட வேண்டும். பழுப்பு வயருக்கு ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் ஒன்று தவறிப் பட்டால் வயரிங் முழுவதும் கருகிவிடும். மானிகளை முன்னுக்கு இழுத்து, வயர்கள் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வைத்த பிறகே பேட்டரியை மீண்டும் இணைத்தேன்.

எஞ்சின் ஓடுகிறது, விளக்குகள் அணைந்திருக்கின்றன. பேட்டரியில் 13.9 வோல்ட். ஸ்டெபிலைசரின் உள்வரும் முனையில், பச்சை வயரில், 13.6. வெளியேறும் முனையில் 10.0. எல்லாம் சரி.

பார்க் லைட்டைப் போட்டதும் உள்வரும் முனை 13.6இலேயே நின்றது, வெளியேறும் முனை 12.3க்கு ஏறியது. ஸ்டெபிலைசர் நிலைப்படுத்துவதை நிறுத்திவிட்டது. 10க்குப் பதில் 12.3 என்றால் கேட்பதற்குச் சிறிய வித்தியாசம்தான். சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மானிக்குள் இருக்கும் சுருள் ஒன்றரை மடங்கு சூடாகும். நடுவில் நிற்க வேண்டிய முள் சிவப்புக்குப் போவதற்கு அது தாராளமாகப் போதும்.

அடுத்த அளவுதான் குறையை நேராகக் காட்டியது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை மானிகளின் பின்னாலுள்ள கறுப்பு வயரிலும் வைத்தேன். விளக்கு எரியும்போது இந்த இரண்டுக்கும் இடையில் 0.1 வோல்ட்டுக்குமேல் இருக்கக் கூடாது. இருந்தது 7.8 வோல்ட்.

எர்த் என்று பெயர் கொண்ட வயரில் 7.8 வோல்ட். ஸ்டெபிலைசர் அந்த 7.8ஐப் பூச்சியம் என்று எண்ணி, அதற்குமேல் 10 வோல்ட் கொடுக்க முயன்று, உள்ளே வருவதே 13.6தான் என்பதால் 12.3இல் முட்டி நின்றது. ஸ்டெபிலைசர் தன் வேலையைப் பிழையில்லாமல் செய்துகொண்டிருந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட பூச்சியம்தான் பொய்.

ஊர்ஜிதப்படுத்த, இரு முனையிலும் கிளிப் உள்ள ஒரு வயரால் அந்தக் கறுப்பு வயரை நேராகப் பேட்டரி நெகட்டிவோடு இணைத்தேன். டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. நீல விளக்கு அணைந்தது. சிறிது நேரத்தில் இரண்டு முள்களும் சரியான இடத்துக்கு இறங்கிவிட்டன. மானிகள் நலம், சென்சார்கள் நலம், ஸ்டெபிலைசர் நலம். டேஷ்போர்டின் எர்த் மட்டுமே குறை.

பகலில் ஏன் தப்பியது?

இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். எர்த் கெட்டிருந்தால் பகலிலும் மானிகள் தவற வேண்டுமே?

முந்தைய மின்பணியாளர் எர்த்தைச் சோதிக்காமல் விடவில்லை. மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் (மின்னோட்டம் போக வழி இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து, கறுப்பு வயருக்கும் உடலுக்கும் இடையில் அளந்திருக்கிறார். மீட்டர் ‘பீப்’ என்று ஒலித்திருக்கிறது. எர்த் இருக்கிறது என்று முடிவு செய்து அடுத்ததற்குப் போய்விட்டார். நானும் அதே இடத்தில் ஓம் நிலையில் அளந்தேன்: சுமார் 2 ஓம். காகிதத்தில் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத எர்த்.

பிறகு டேஷ்போர்டின் எல்லா பல்புகளையும், நீல விளக்கின் பல்பையும் ஹோல்டரோடு வெளியே இழுத்துவிட்டு மறுபடி அளந்தேன். 19 ஓம். வயரை விரலால் அசைத்தால் அளவும் கூடவே அலைந்தது.

அந்த 2 ஓம் பல்புகளின் இழைகள் வழியாக வந்தது. எரியாத பல்பின் இழை மிகக் குறைந்த மின்தடை கொண்டது. 2.2 வாட் டேஷ்போர்டு பல்ப் எரியும்போது சுமார் 65 ஓம். ஆறிக் கிடக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். டேஷ்போர்டில் அப்படி நான்கு பல்புகள் இணையாக இருக்கின்றன. அவற்றின் ஒரு முனை கறுப்பு வயரில், மறுமுனை சிவப்பு-வெள்ளை வயர் வழியாகப் பார்க் லைட் சுற்றில். அந்தச் சுற்றிலிருக்கும் முன், பின் விளக்குகளின் இழைகள் ஒவ்வொன்றும் தத்தம் இடத்தில் உடலோடு எர்த் ஆகியிருக்கின்றன. இன்னொரு கிளை நீல விளக்கு வழியாக ஹெட்லைட் இழைகளுக்குப் போய் எர்த் ஆகிறது. விளக்குகள் அணைந்திருக்கும்போது இந்த இழைகள் எல்லாம் சேர்ந்து டேஷ்போர்டுக்கு ஒரு கள்ள எர்த் ஆகிவிடுகின்றன. ஸ்டெபிலைசரின் எர்த் முனையில் ஓடுவது சில மில்லி ஆம்பியர்கள் மட்டுமே. அதற்கு இந்தக் கள்ள வழி தாராளம். ஆகவே பகலெல்லாம் சரியாக 10 வோல்ட்.

பார்க் லைட்டைப் போட்ட கணத்தில் இதே வழி தலைகீழாகிறது. பல்புகளின் சிவப்பு-வெள்ளைப் பக்கத்துக்கு 13 வோல்ட்டுக்குமேல் வந்துவிடுகிறது. நான்கு பல்புகளின் மின்னோட்டமும் கறுப்பு வயருக்குள் இறங்கி, வெளியேற ஒழுங்கான வழியில்லாமல், அந்த 19 ஓம் வழியாகப் பிதுங்குகிறது. கறுப்பு வயர் 7.8 வோல்ட்டுக்கு உயர்ந்துவிடுகிறது. மிச்ச மின்னழுத்தத்தில் டேஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரிகின்றன. கறுப்பு வயரின் 7.8 வோல்ட் நீல விளக்கின் வழியாக, அணைந்திருக்கும் ஹை பீம் இழைக்கும் கசிகிறது. நீல விளக்கு மெலிதாக ஒளிர்கிறது. ஸ்டெபிலைசரின் பூச்சியமும் உயர்கிறது. மங்கிய விளக்கு, ஒளிரும் நீலம், ஏறும் முள்கள் எல்லாம் ஒரே வயரின் 7.8 வோல்ட் பேசிய பேச்சு.

மீட்டரின் ‘பீப்’ ஒலியை நம்பி எர்த்தை உறுதி செய்யும் பழக்கத்தைப் பழைய வண்டிகளில் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொடர்ச்சிச் சோதனையில் மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே அனுப்புகிறது; அது எந்தச் சந்து வழியாகவும் திரும்பி வந்துவிடும். எந்தச் சுமையில் குறை தோன்றுகிறதோ அதே சுமையைப் போட்டுவிட்டு, வோல்ட் நிலையில், பேட்டரியின் நெகட்டிவிலிருந்து அளக்க வேண்டும். எத்தனை வோல்ட் தொலைகிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். ஓம் அளவு தேவை என்றால் பல்புகளைக் கழற்றிவிட்டு அளப்பது கட்டாயம்.

குறை இருந்த இடம்

கறுப்பு வயர்கள் எல்லாம் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு வளைய முனையில் சேர்ந்து, உடலின் உலோகத் தகட்டில் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்தன. வண்டி முழுவதற்கும் வண்ணம் பூசியபோது அந்தத் தகட்டையும் மூன்றடுக்காகப் பூசிவிட்டு, வண்ணத்தின் மேலேயே வளைய முனையை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். உலோகத்தோடு அதற்கிருந்த ஒரே தொடர்பு போல்ட்டின் மரைகள். மரைகளிலும் வண்ணம் இறங்கிக் காய்ந்திருந்தது. வளைய முனையில் வயர் நுழையும் இடத்தில் பச்சைக் களிம்பு வேறு. கண்ணுக்கு அழகான, பளபளக்கும் இணைப்பு அது. மறுசீரமைத்த வண்டிகளில் இந்த ஆபத்து அதிகம். துருப்பிடித்த வண்டியில் எர்த்தைச் சந்தேகிப்போம். புதுவண்ணம் மின்னும் வண்டியில் சந்தேகம் எழுவதே இல்லை.

வண்ணம் பூசியது பல ஆண்டுகளுக்கு முன்பு. குறை தோன்றியதோ அண்மையில். அந்த இடைவெளிக்கு விடை ஆசிரியரின் கார் நிறுத்தும் அறையிலேயே கிடைத்தது. வேகமானி, சுழற்சிமானி இரண்டின் கேபிள்களையும் அவர் மாற்றியிருந்தார்; பழையவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். பழைய கேபிள்களுக்கு எஃகு உறை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அளந்தால் 1 ஓம்கூட இல்லை. அவை கியர் பெட்டியையும் எஞ்சினையும் மானிகளின் உலோக உடலோடு இணைத்து, கெட்ட எர்த்துக்கு இத்தனை காலம் முட்டுக்கொடுத்து வந்திருக்கின்றன. புதிய கேபிள்களுக்குப் பிளாஸ்டிக் உறை. அவை பொருத்தப்பட்டதும் முட்டு விழுந்தது. முதல்முறை வெப்பமுள் ஏறியது கேபிள் மாற்றிய பிறகுதான் என்பதை ஆசிரியரும் அப்போது நினைவுகூர்ந்தார்.

சரிசெய்தது

தகட்டில் வளைய முனை உட்காரும் வட்டத்தை மட்டும் உலோகம் மின்னும்வரை சுரண்டினேன். மரைகளை, மரை வெட்டும் டேப் கருவியை விட்டுச் சுத்தம் செய்தேன். வயரைக் களிம்பு இல்லாத இடம்வரை வெட்டிவிட்டு, ஈயம் பூசிய புது வளைய முனையை அழுத்திப் பொருத்தினேன். பல்வைத்த வாஷர் ஒன்று உலோகத்தைக் கடித்து நிற்கும்படி வைத்து இறுக்கிவிட்டு, மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசினேன். சுரண்டிய உலோகம் துருப்பிடிக்காமல் இருக்க அது போதும். இதற்கும்மேல் ஒரு காரியம் செய்தேன். தேவையற்றது என்று சிலர் சொல்லலாம். மானிகளின் பின்னாலிருந்து பேட்டரி எர்த் இறங்கும் இடத்துக்குத் தனியாக ஒரு கறுப்பு வயர் இழுத்தேன். வளைய முனை மறுபடி தளர்ந்தாலும் டேஷ்போர்டு பூச்சியத்தை இழக்காது.

எல்லா விளக்குகளையும் போட்டு அளந்தபோது கறுப்பு வயரில் 0.03 வோல்ட். ஸ்டெபிலைசரில் விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் 10.0.

ஃபியூஸ் பெட்டியின் கவ்விகளையும் பித்தளைத் தூரிகையால் தேய்த்துவைத்தேன். பேட்டரிக்கும் பச்சை வயருக்கும் இடையே தொலைந்துகொண்டிருந்த 0.3 வோல்ட்டில் பாதிக்குமேல் அதிலேயே மீண்டது.

மானிகளைத் தனியாகவும் சோதித்தேன்; புதுப்பிக்க அனுப்ப வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்ததால் ஆசிரியருக்கு நம்பிக்கை பிறக்க அது தேவைப்பட்டது. டேங்க் யூனிட்டின் வயரைக் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் இடையில் 2 வாட் மின்தடைகளை மாற்றி மாற்றி வைத்தேன். 68 ஓமில் முள் நடுவில், 20 ஓமில் முழுக் கோட்டில், 240இல் காலிக் கோட்டில். ஐம்பது வயதைக் கடந்த கருவிக்கு இதைவிட வேறு நற்சான்று தேவையில்லை. இந்தச் சோதனையைச் சிலர் வயரை நேராக உடலில் தொட்டுப் பார்த்துச் செய்கிறார்கள். கூடாது. மின்தடை எதுவும் இல்லாமல் தொட்டால் சுருளில் அளவுக்குமேல் மின்னோட்டம் பாய்கிறது. பட்டை நிரந்தரமாக வளைந்துபோகலாம், சுருள் கருகியும் போகலாம். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் பொறி பறப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டேங்க் யூனிட்டில் மட்டும் சிறு பிசகு எஞ்சியது. ஏற்கெனவே மாற்றப்பட்ட புதிய யூனிட் அது. டேங்க் நிறைந்த நிலையில் சரியாகக் காட்டுகிறது. கால் டேங்குக்குக் கீழே உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது. மிதவையின் கைப்பிடியை வளைத்துச் சரிசெய்யலாம் என்றேன். குறைத்துக் காட்டுவதால் நடுவழியில் நிற்கும் ஆபத்து இல்லை, அப்படியே இருக்கட்டும் என்றார் ஆசிரியர். நியாயமான முடிவு.

கழற்றி வைத்திருந்த பழைய ஸ்டெபிலைசரையும் அவர் கொண்டுவந்து கொடுத்தார். மேசைமீது 12.6 வோல்ட் கொடுத்து, தகர உடலை எர்த் செய்து, மானி ஒன்றையும் 68 ஓம் மின்தடையையும் மாட்டினேன். இந்த வகையை டிஜிட்டல் மீட்டரால் அளந்தால் எண்கள் 0க்கும் 12க்கும் இடையில் தாவிக்கொண்டே இருக்கும். பலர் அதைப் பார்த்துவிட்டு ஸ்டெபிலைசர் கெட்டுவிட்டதென்று முடிவுகட்டுகிறார்கள். மானியின் முள்ளையே சாட்சியாக வைப்பதுதான் சரி. முள் நடுக்கோட்டில் ஆடாமல் நின்றது. பழையதையே திரும்ப மாட்டிவிடலாமா என்று கேட்டார். இப்போது இருப்பதை மாற்ற வேண்டாம் என்றேன். பழைய வகையில் தொடர்பு முனைகள் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் தேய்கின்றன. சில்லு வகையில் தேய்வதற்கு எதுவும் இல்லை, சாய்த்து மாட்டினாலும் அளவு மாறுவதில்லை. பழையதைத் துணியில் சுற்றி, உதிரிபாகப் பெட்டியில் பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

டேஷ்போர்டுக்கு எல்இடி பல்புகள் போட விரும்புகிறார். போடலாம், தடையில்லை. எர்த்தைச் சரிசெய்யும் முன் போட்டிருந்தால் மட்டும் நிலைமை வேறாகியிருக்கும். எல்இடி ஒரு திசையில்தான் மின்னோட்டத்தை விடும். கறுப்பு வயரிலிருந்து பார்க் லைட் சுற்றுக்குப் போன பகல்நேரக் கள்ள எர்த் அடைபட்டு, நீல விளக்கின் ஒற்றை பல்பும் அந்த 19 ஓமும் மட்டும் மிஞ்சியிருக்கும். நீல விளக்கையும் எல்இடியாக மாற்றியிருந்தால் அதுவும் போய், தளர்ந்த அந்தப் போல்ட் அசையும் நேரமெல்லாம் முள்கள் பகலிலேயே ஏறத் தொடங்கியிருக்கும்.